வெயிற்கதையும் நிழற்கணக்கும்

ஒவ்வொரு மொழியிலும் சில சொற்கள் ஒரு பொருளைக் குறித்த அளவில் நின்றுவிடும். வேறு சிலவோ அம்மொழி பேசும் மக்களின் வாழ்வையும், ஏக்கத்தையும், அவர்கள் வெளியிற் சொல்லத் தயங்கும் குறையையுங்கூடத் தம்முள் அடக்கி வைத்திருக்கும். இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த சொல்லொன்று வட ஐரோப்பாவிலுள்ள நார்வே நாட்டில் வழங்குகிறது. ‘ஸூல்ஷின்ஸ்ஹிஸ்தூரியெ’ என்பது அச்சொல். நம் நாவுக்கு இது சற்றுக் கரடுமுரடாயிருக்கும். ஆயினும் இதன் பொருள் மிக எளிது. ‘வெயிற்கதை’ என்று நாம் அதனைத் தமிழாக்கிக் கொள்ளலாம். ஏழையாய்ப் பிறந்தவன் கல்வி கற்று உயர்ந்தான், நொடித்துப்போன தொழிற்சாலை தலைநிமிர்ந்தது, கைவிடப்பட்ட பிள்ளை நற்குடிமகனாய் வளர்ந்தது என்று இவ்வாறு நன்மையில் முடியும் மெய்ச் செய்திகளையெல்லாம் நார்வே மக்கள் வெயிற்கதை என்றே வழங்குகின்றனர்.

நல்ல செய்தியை நல்ல செய்தி என்பதில் ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். இடம் உண்டு. ஒருவன் பெற்ற வெளிச்சத்தை மட்டும் எடுத்துப் பேசி, அவன் பக்கத்திலேயே நிழலில் நிற்கும் நூறு பேரைப் பற்றி வாய் திறவாதிருப்பது அறமாகுமா? சொன்ன ஒவ்வொரு செய்தியும் மெய்யாயிருந்தும், சொல்லி முடித்த கதை பொய்யாகிவிட முடியுமா? இக் கேள்வி நார்வே நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. எனினும் அச்சொல்லின் பிறப்பை அறிந்தால் இக் கேள்விக்கு விடை காண்பது எளிதாகும் என்பது நமது கருத்து. ஆதலின் முதலிற் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

அது மூன்று சொற்கள் சேர்ந்த தொடர். ‘ஸூல்’ என்பது ஞாயிறு. ‘ஷின்’ என்பது ஒளி வீசுதல். ‘ஹிஸ்தூரியெ’ என்பது கதை அல்லது வரலாறு. முதலிரண்டும் சேர்ந்த ‘ஸூல்ஷின்’ என்பதற்கு வெயில் என்பது பொருள். இஃது அண்மையிற் கட்டப்பட்ட சொல்லன்று. நார்வேயின் பழைய மொழியிலேயே இவ்விரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து வழங்கின. ஸ்வீடன், டென்மார்க் நாட்டு மொழிகளிலும், ஜெர்மன், ஆங்கில மொழிகளிலும் இதே போல ஞாயிற்றையும் ஒளியையும் குறிக்கும் சொற்களைச் சேர்த்தே வெயிலுக்குப் பெயரிட்டனர். இந்த ‘ஸூல்ஷின்’னோடு மற்றொரு சொல்லைச் சேர்க்கும்போது நடுவே ஒரு ‘ஸ்’ வந்து நிற்கும். அதற்குத் தனியே பொருளில்லை. முன்னொரு காலத்தில் உடைமைப் பொருள் காட்டிய உருபு, இப்போது சொற்களை ஒட்டும் பசையாக மட்டும் நிற்கிறது. நம் மொழியில் ‘அத்து’, ‘இன்’ முதலிய சாரியைகள் இடையில் நின்று சொற்களை இணைப்பதை இலக்கணம் கற்றோர் அறிவர், அப்படிப்பட்டதே இதுவும்.

இனி இவற்றின் வேரைப் பார்ப்போம். ஞாயிற்றைக் குறிக்கும் ‘ஸூல்’ என்ற சொல் லத்தீன் மொழியின் ‘ஸோல்’ என்பதற்கும், வடமொழியின் ‘சூரிய’ என்பதற்கும் உறவுடையது என்று மொழிநூலார் கண்டிருக்கின்றனர். வடமொழியிலிருந்து நம்மிடம் வந்து வழங்கும் ‘சூரியன்’ என்ற சொல்லும், ஆர்க்டிக் பனிக்கடலோரத்து மீனவன் வாயில் வழங்கும் ‘ஸூல்’ என்ற சொல்லும் ஒரே முன்னோரின் வழிவந்த இரு கிளைகள். ஞாயிறு, கதிரவன், பகலவன் என்று நமக்கே உரிய சொற்கள் அவ்வுறவுக்குப் புறம்பானவை. மக்கள் எத்துணைத் தொலைவில் பிரிந்து வாழினும் சொற்கள் மலைகளையும் கடல்களையும் தாண்டி நடந்திருக்கின்றன என்பதற்கு இஃது ஒரு சான்று.

நாம் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நடுவிலுள்ள ‘ஷின்’ என்ற சொல். அதற்கு ஒளி என்பது முதற்பொருள். பின்னர் ஜெர்மன் மொழியின் செல்வாக்கால் ‘வெளித்தோற்றம்’ என்ற பொருளும் அதற்கு ஏறிற்று. உள்ளொன்றும் புறமொன்றுமாக ஒரு பொருள் இருந்தால், “ஷின் ஏமாற்றும்” என்று நார்வே மக்கள் சொல்வார்கள். ‘வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பாதே’ என்று நாம் சொல்வதற்கு அது நிகர். பக்திமான் போல நடிப்பவனைக் குறிக்க அவர்களிடமுள்ள சொல், ‘தோற்றத்தில் மட்டும் தூயவன்’ என்று பொருள்படும் தொடர். அதிலும் இந்த ‘ஷின்’தான் முன்னே நிற்கிறது. ஆக, வெயிலில் ஒளியாயிருக்கும் அதே சொல் வேடதாரியிடத்தில் போலியாய் நிற்கிறது.

இது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நம் மொழியையே சற்று நோக்குவோம். ‘ஞாயிறு தோன்றிற்று’ என்கிறோம். அங்கே தோன்றுதல் என்பது மெய்யாகவே வெளிப்படுதல். ‘அப்படித் தோன்றுகிறது’ என்கிறோம். அங்கே அதே சொல் ஐயத்தைக் காட்டுகிறது. ‘வெறுந்தோற்றம்’ என்று சொல்லும்போதோ அது பொய்யையே காட்டிவிடுகிறது. ‘பகட்டு’ என்ற சொல்லிலும் பளபளப்பும் உண்டு, போலிப் பெருமையும் உண்டு. ஒளி எதனால் உயர்ந்தது? பொருளை உள்ளபடி காட்டுவதால். அதே ஒளி கண்ணைக் கூசச் செய்து பொருளை மறைக்கவும் வல்லது. இந்த உண்மையை இரு நாட்டு மக்களும் ஒருவரையொருவர் அறியாமலே தத்தம் மொழிகளில் பதித்து வைத்திருக்கின்றனர்.

நன்மைக்கு அடையாளமாக வெயிலை அவர்கள் தேர்ந்துகொண்டதன் காரணத்தையும் அறிய வேண்டும். நடுப்பகல் வெயிலில் உழைப்பவருக்கு வெயில் என்றவுடன் வியர்வையும் களைப்புமே நினைவுக்கு வரும். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்பது நம் பழமொழி. நார்வேயிலோ இது தலைகீழ். அங்கே வெயிலின் அருமை நிழலில் தெரியும். அந்நாட்டின் வடபகுதியிலுள்ள துரும்ஸோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுவரை ஞாயிறு அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. பிறகு வந்தாலும் சுற்றியுள்ள மலைகள் மறைப்பதால், ஜனவரி 21ஆம் நாளை ஒட்டியே அந்நகரத்தார் அதன் முகத்தைக் காண்கிறார்கள். அன்று ‘வெயில் ரொட்டி’ என்று பெயரிட்ட இனிப்புப் பண்டத்தை வாங்கி உண்டு மகிழ்வார்கள். இன்னும் வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்திலுள்ள லோங்யர்பீயன் என்ற ஊரில் இருட்காலம் நான்கு மாதமளவு நீளும். அங்கே பழைய மருத்துவமனை இருந்த இடத்துப் படிக்கட்டின்மீது மார்ச் 8ஆம் நாளை ஒட்டி முதற்கதிர் விழுகிறது. ஊரார் திரண்டு நின்று காத்திருக்க, குழந்தைகள் ஞாயிற்றைக் கூவி அழைப்பார்கள்.

இன்னொரு வழக்கும் உண்டு. ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அவரே வந்து நின்றால், ‘உங்களுக்கு நூறு வயசு’ என்று நாம் வாழ்த்துகிறோம். நார்வே மக்கள், ‘ஞாயிற்றைப் பற்றிப் பேசினோம், அது ஒளிவிட்டது’ என்கிறார்கள். நமக்கு நீண்ட ஆயுள் எப்படியோ, அப்படி அவர்களுக்கு ஞாயிற்றின் வருகை. இத்தகைய மக்கள் மகிழ்ச்சியான நாளை வெயில் நாள் என்றதிலும், மகிழ்ச்சியான செய்தியை வெயிற்கதை என்றதிலும் வியப்பென்ன? வெயில் என்பது அவர்களுக்கு வானிலைச் செய்தி மட்டுமன்று. இருள் நிலையாக இராது என்ற உறுதிப்பாடு.

இதுவரை சொல்லின் நல்ல பக்கத்தைக் கண்டோம். இனி ஓர் ஊரின் வரலாற்றைக் கொண்டு மற்றப் பக்கத்தையும் காண்போம்.

நார்வேயின் தென்பகுதியில் டெலிமார்க் மாவட்டத்தில் ரியூக்கான் என்றொரு சிறு தொழில் நகரம் இருக்கிறது. ஆழமான ஒரு பள்ளத்தாக்கின் அடியில் அது அமைந்திருக்கிறது. அருகே 1,883 மீட்டர் உயரமுள்ள கௌஸ்தா மலை நிற்கிறது. குளிர்காலத்தில் ஞாயிறு தாழ்ந்தே செல்வதால், செப்டம்பர் இறுதி முதல் மார்ச் நடுவரை ஊருக்குள் நேர் வெயில் விழுவதில்லை. மேலே மலைச்சரிவில் வெயில் காய்வதைக் கீழே நின்று கண்ணாற் காணலாம். உடம்பிற் படுவதற்கு வழியில்லை. இத்தகைய இடத்தில் நகரம் எழுந்த காரணம் என்ன? அங்கே 104 மீட்டர் உயரமுள்ள ஓர் அருவி இருந்தது. 1905இல் ஸாம் ஐட என்ற பொறியியலாளர் நார்ஸ்க் ஹைட்ரோ என்ற கம்பெனியைத் தோற்றுவித்தார். விஞ்ஞானி கிறிஸ்தியான் பிர்க்கலான் என்பவரும் அவரும் சேர்ந்து கண்ட முறைப்படி, மின்சாரத்தைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிர்களுக்கு உரமாக்குவது அக் கம்பெனியின் தொழில். 1911இல் வேமோர்க் என்ற இடத்தில் அவ்வருவி நீரால் இயங்கும் மின்நிலையம் திறக்கப்பட்டபோது உலகத்திலேயே மிகப் பெரியதாய் அது விளங்கிற்று. சில பண்ணைகளே இருந்த பள்ளத்தாக்கில் தொழிலாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறின. அருவி கூலி கொடுத்தது. மலை நிழல் கொடுத்தது.

அவ்வூர் மக்கள் அந்நிழலை விதி என்று ஏற்றுச் சும்மா இருந்துவிடவில்லை. மலைமேல் கண்ணாடி வைத்து ஊருக்குள் ஒளியைத் திருப்பலாமே என்ற யோசனை 1913இலேயே உள்ளூர்ப் பத்திரிகையில் வெளிவந்தது. அக்காலத்துக்கு அது கைகூடாத கனவாயிருந்தது. 1928இல் கம்பெனி வேறொரு வழி செய்தது. ஊரிலிருந்து மலைமேலுள்ள வெயில் படும் இடத்துக்குக் கம்பியில் தொங்கிச் செல்லும் வண்டிப் பாதை ஒன்றை அமைத்து ஊராருக்கு அன்பளிப்பாய் அளித்தது. நீலமும் சிவப்புமாய் இரண்டு பெட்டிகள். அவற்றுக்குக் காட்டுப் பழங்களின் பெயரையே செல்லப் பெயராய் மக்கள் இட்டனர். ஓய்வு நாளில் தாய்மார் குழந்தைகளோடு மேலே சென்று வெயில் காய்ந்து திரும்பலாயினர். பின்னும் 85 ஆண்டுகள் சென்று, 2013 அக்டோபரில், பழைய கனவும் நனவாயிற்று. ஊருக்கு 450 மீட்டர் மேலே மூன்று பெரிய கண்ணாடிகள் நிறுத்தப்பட்டன. அவற்றின் மொத்தப் பரப்பு 51 சதுர மீட்டர். கணிப்பொறியின் ஆணைப்படி அவை ஞாயிற்றின் போக்கைப் பின்பற்றித் திரும்பி, ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் இடத்தில் வெயிலைப் பாய்ச்சுகின்றன.

இஃது உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வெயிற்கதையாக வந்தது. உண்மையிலேயே வெயிலின் கதையும் அதுவே. மனிதன் தன் அறிவினால் மலையின் நிழலை வென்றான் என்பது மகிழத் தக்க செய்தியன்றோ? ஐயமில்லை. ஆனால் அதே ஊரில், இது வீண் செலவு, இப் பணத்தை வேறு நற்காரியங்களுக்குச் செலவிட்டிருக்கலாம் என்று எதிர்த்தவர்களும் பலர் இருந்தனர். கண்ணாடி வந்த பிறகு அவர்களிற் பலர் மனம் மாறியிருக்கலாம். ஆயினும் அவர்கள் கேட்டது மதிக்கத் தக்க கேள்வி. 600 சதுர மீட்டரில் ஊர் முழுவதும் நிற்க முடியாது. கம்பெனி கொடுத்த தொங்குவண்டி நல்ல கொடையே. அதற்கு நன்றி சொல்வதும் முறையே. எனினும், நிழலில் குடியிருந்து உழைத்தவர்களின் உழைப்பினால்தான் அக் கொடைக்கு வேண்டிய செல்வமும் விளைந்தது. கொடுத்தவனைப் புகழும் கதை, விளைத்தவனை மறந்துவிடுமாயின் அது அரைக்கதையே.

ஆனாலும் அக் கண்ணாடியிடம் நாம் பாராட்டும் குணம் ஒன்று உண்டு. அது ஒருவரையும் ஏமாற்றவில்லை. சதுக்கத்தில் விழும் ஒளி மெய்யான ஞாயிற்றின் ஒளி; விளக்கன்று, வர்ணமன்று. அவ்வொளி விழுந்த பிறகு அதன் எல்லைக்கோடும் எல்லோர் கண்ணுக்கும் தெளிவாய்த் தெரிகிறது. இதுவரை வெயில், இதற்கப்பால் நிழல் என்று அது காட்டிவிடுகிறது. நல்ல வெயிற்கதையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்போம். தன் எல்லையைத் தானே காட்டும் கதை ஒளி. எல்லையை மறைத்து ஊரெங்கும் வெயில் என்று சொல்லும் கதை வெறுந்தோற்றம். ‘ஷின்’ என்ற சொல்லின் இரு பொருளுக்கும் இடையிலுள்ள வேற்றுமை இதுவே.

நார்வே நாட்டின் வரலாற்றையே இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். வறிய மீனவரும் உழவரும் நிறைந்திருந்த நாடு, 1969இல் கடலடியில் பெரும் எண்ணெய் வளம் கண்டு, உலகத்துச் செல்வ நாடுகளுள் ஒன்றாயிற்று. அச் செல்வத்தைச் சிலர் பையிற் போகவிடாமல் பொதுநிதியாகச் சேர்த்து வைத்தது. இது சிறந்த வெயிற்கதை. ஆயினும் அதற்கு முன்னே, 1825 முதல் ஒரு நூற்றாண்டுக் காலத்தில், சுமார் 8 லட்சம் நார்வே மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். 1900இல் அந்நாட்டின் மொத்தக் குடிமக்களே சுமார் 22 லட்சம் என்றால், இது எத்துணைப் பெரிய பிரிவு என்பதை உணரலாம். வயிற்றுக்காகத் தாய்நாட்டை விட்டுக் கடல் கடப்பதன் வேதனையை இப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இன்னுமொரு நிழல் உண்டு. நார்வேயின் வடபகுதியில் ஸாமி என்ற பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழியில் ஞாயிற்றுக்கும் பகலுக்கும் ‘பெயாய்வி’ என்று ஒரே சொல். நாம் பகலைக்கொண்டு பகலவன் என்றது போன்றதே அதுவும். 1986இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட கொடியின் நடுவிலுள்ள வட்டத்தில் பாதி ஞாயிறு, பாதி திங்கள். இவ்வாறு ஞாயிற்றைத் தம் அடையாளமாய்க் கொண்ட மக்களே நாட்டின் வெயிற்கதையில் இடம் பெறாமற் போயினர். அவர்கள் பிள்ளைகளை நார்வே மொழியினராக்கி விடுவதே அரசாங்கத்தின் நோக்கமாய் நெடுங்காலம் இருந்தது. இன்றியமையாத அளவுக்குமேல் ஸாமி மொழியைப் பள்ளியிற் பயன்படுத்தலாகாது என்று 1898இல் ஆசிரியர்களுக்குக் கட்டளை பிறந்தது. தாய்மொழியை நாணத்துக்குரியதாய்க் கருதும்படி தலைமுறைகள் பழக்கப்பட்டன. பலர் தம் பிள்ளைகளுக்கு அம்மொழியைச் சொல்லிக் கொடுக்காமலே விட்டனர்.

இந்நிழலை நார்வே முற்றும் மறைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1997இல் ஸாமி மக்களின் பிரதிநிதி சபையில் மன்னர் ஹாரால்ட் அவர்களே, நடந்த அநீதிக்கு அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். பின்னர் உண்மையை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 2023இல் வெளிவந்தது. 2024 நவம்பரில் நார்வேப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. இதனால் அந்நாட்டின் புகழ் குறைந்துவிட்டதா? இல்லை. அதன் வெயிற்கதையை இனிமேல்தான் அச்சமின்றி நம்பலாம். நிழலை ஒப்புக்கொண்ட பிறகே வெளிச்சத்தைப் பற்றிப் பேசும் உரிமை முழுமையாய்க் கிட்டுகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். “உழைத்துக் களைத்த மக்களுக்கு நம்பிக்கை வேண்டும், நிழலையே சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் சோர்ந்து போகமாட்டார்களா?” என்று கேட்பார்கள். இத் தடை வலியுடையது. நான்கு மாத இருளில் வாழும் குழந்தையிடம் ஞாயிறு வரும் என்று சொல்லத்தான் வேண்டும். நம்பிக்கையின்றி எந்தச் சீர்திருத்தமும் நடந்ததில்லை. ஒரு தொழிலாளியின் மகள் மருத்துவராகிவிட்டாள் என்ற செய்தி, அத்தெருவிலுள்ள பத்துப் பெண் குழந்தைகளின் கையில் புத்தகத்தைக் கொடுக்கும். அக் கதையைச் சொல்லாதே என்று நாம் சொல்லமாட்டோம்; உரக்கச் சொல்லுக என்றே சொல்வோம்.

ஆனால் அதே கதையை வேறொருவன் வேறொரு நோக்கத்தோடு சொல்வான். “அவள் படித்து முன்னுக்கு வரவில்லையா? நீங்கள் வராதது உங்கள் சோம்பல்” என்று அவன் முடிப்பான். செய்தி ஒன்றே, ஒரு சொல்லும் பொய்யன்று. எனினும் முன்னதில் ஒளியாயிருந்தது பின்னதிற் கண்ணைக் குருடாக்கும் பகட்டாகிவிட்டது. அவளுக்குக் கண்ணாடி பிடித்தவர் யார், சம்பளத்தில் மிச்சம் பிடித்த தாயா, இலவசமாய்ப் பாடம் சொன்ன ஆசிரியரா, சங்கம் அமைத்துப் போராடிய பெரியோரா என்பதை அவன் சொல்வதில்லை. பள்ளிக்கூடமே எட்டாத மற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் அவன் சொல்வதில்லை. எவர்க்கும் கேடு விளைக்காத பேச்சையே வாய்மை என்று வள்ளுவர் கொண்டார். அவ்விலக்கணப்படி பார்த்தால், நிழலில் நிற்பவனை அவன் நிழலுக்காகவே குற்றஞ்சாட்டும் கதை, எவ்வளவு மெய்ச் செய்தியால் கட்டப்பட்டிருப்பினும் வாய்மையாகாது.

ஆகவே வெயிற்கதை கேட்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகளை நாம் பழக்கமாய்க் கேட்க வேண்டும். இவ்வொளி இவனிடம் எவ்வழியே வந்தது? இவனைச் சுற்றி இன்னும் வெயில் படாதவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை சொல்லும் கதையை ஏற்போம், பிள்ளைகளுக்கும் சொல்வோம். விடை சொல்ல மறுக்கும் கதையை, அது அரசாங்கத்தின் அறிக்கையாயினும், முதலாளியின் ஆண்டு மலராயினும், நம் சொந்தச் சங்கத்தின் விழா மேடையாயினும், சற்று நிறுத்திவைத்து ஆராய்வோம். பிறர் கதையை ஆராய்வதைவிட நம்மவர் கதையை ஆராய்வதே கடினம்; ஆதலின் அங்கேதான் இப் பழக்கம் மிகுதியும் வேண்டும்.

வெயிலை வெறுக்க வேண்டும் என்பதல்ல நாம் சொல்ல வந்தது. ரியூக்கான் நகரத்துக் கண்ணாடிகளைப் போல, ஒளி பெற்றவன் தான் நிற்கும் உயரத்திலிருந்து அதைக் கீழே திருப்ப வேண்டும். அவ்வாறு திருப்பியது இன்று 600 சதுர மீட்டரில்தான் விழும் என்றால், அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நாளை அடுத்த தெருவுக்கு வெயில் கொண்டுவர வழி தேட வேண்டும். கண்ணாடி வேண்டும் என்று பத்திரிகையில் எழுத்து வந்தது 1913இல். கண்ணாடி வந்தது 2013இல். நூறாண்டுகளும் அவ்வூராரிற் பலர் நிழலை நிழல் என்றே சொல்லிக்கொண்டிருந்தனர். எங்கள் ஊரில் வெயில் குறைவில்லை என்று அவர்கள் பெருமை பேசியிருந்தால், அக் கண்ணாடிகள் இன்றுவரை மலையேறியிருக்கமாட்டா.